கிரில் வழியே வரும் காற்று

மார்ச் 3, ஞாயிறு

மணிக்கு 90 கிலோமீட்டரில் இருபது நிமிடம் ஓட்டியதும் என் பழைய காரின் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் 100 டிகிரியைத் தொட்டுவிட்டது. வெளியே 34 டிகிரி. 60க்குக் குறைத்ததும் மெல்ல இறங்கியது.

வண்டி 1965 எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 1798 சிசி பி-சீரிஸ் என்ஜின். ரேடியேட்டர் மூடி 7 பிஎஸ்ஐ அழுத்தம் வரை பிடித்து வைக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 111 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருப்பதால் இன்னும் சில டிகிரி தாங்கும். உடனே ஆபத்தில்லை என்று தெரியும். ஆனாலும் அந்த முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே ஓட்ட மனம் வரவில்லை.

நிற்கும்போது சூடேறினால் முதலில் ஃபேனைச் சந்தேகப்படுவேன். நிற்கும்போதும் கொஞ்சம் ஏறுகிறதுதான், ஆனால் பெரிய தொல்லை ஓடும்போது ஏறுவது. அந்த வேகத்தில் ஃபேனுக்குப் பெரிய வேலையில்லை, எதிர்க்காற்றே போதும். அந்தக் காற்று உள்ளே வருகிறதா என்பதுதான் கேள்வி.

மார்ச் 5, செவ்வாய்

மற்றதையெல்லாம் முதலில் கழித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இக்னிஷன் டைமிங் சரி. சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைச் சுடுதண்ணீரில் போட்டுப் பார்த்தேன், 82ல் திறந்தது. ரேடியேட்டரைப் பின்பக்கமிருந்து தண்ணீர் அடித்துக் கழுவினேன். அவ்வளவுதான்.

மார்ச் 9, சனி

இன்று முழுக்க கிரில்தான், அதாவது ரேடியேட்டருக்குக் காற்று நுழையும் முன்முகப்பு. கழற்றி ஒரு போர்வை மேல் வைத்தேன். நெட்டுக்குத்தாக வரிசையாக நிற்கும் அந்தப் பட்டைகளை இத்தனை வருடம் துடைத்திருக்கிறேன், பின்பக்கம் திருப்பிப் பார்த்ததே இல்லை.

முன்பு வைத்திருந்தவர் யாரோ பூச்சி புகாமலிருக்க உள்பக்கம் சன்ன வலை ஒன்றைக் கட்டியிருக்கிறார். அளந்தேன்: கம்பி அரை மில்லிமீட்டர், கண் ஒன்றரை மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் திறந்த பரப்பு 56 சதவீதம்தான், மீதி வெறும் கம்பி. அந்தக் கண்களிலும் பாதி, காய்ந்த பூச்சியும் தூசியுமாக அடைந்து கிடந்தது. வலையை வெட்டி எடுத்துவிட்டேன்.

அடுத்தது பட்டைகள். எப்போதோ இடது பக்கம் இடி வாங்கியிருக்கிறது. ஏழு பட்டைகள் முறுக்கிக்கொண்டு, விளிம்பைக் காட்ட வேண்டியவை பக்கத்தைக் காட்டி நின்றன. மற்ற இடங்களில் இடைவெளி 14 மில்லிமீட்டர், இங்கே 9. நன்றாக நின்ற பட்டைகளுக்கு நடுவே அளந்து 14 மில்லிமீட்டர் மரத்துண்டு ஒன்று சீவிக்கொண்டேன். அதை இடுக்கில் செருகி, பட்டைக்குத் துணி சுற்றி, இரண்டு கட்டைவிரலால் கீழிருந்து மேலாக நீவி நிமிர்த்தினேன். இதில் அவசரம் கூடாது. அந்த மெல்லிய உலோகத்தை முன்னும் பின்னும் நாலு முறை வளைத்தால் இறுகிப்போய் வெடித்துவிடும். ஒரே திசையில், ஒரே தடவையில் முடிக்க வேண்டும். ஒரு பட்டைக்குப் பத்து நிமிடம் ஆனது. ஏழாவதில் மட்டும் ஒரு சின்னப் பள்ளம் நிற்கிறது. அதை வற்புறுத்தவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

அதே சாலை, அதே வேகம், 33 டிகிரி வெயில். முள் 95ல் நின்றது. குறைந்திருக்கிறது, ஆனால் நான் எதிர்பார்த்த அளவு இல்லை. நின்றபடி ஓடவிட்டால் ஏறுவது முன்பு எப்படியோ அப்படியேதான்.

நண்பர் ஒருவர், ஒன்றுவிட்டு ஒன்றாகப் பட்டைகளை எடுத்துவிடு என்கிறார். நான் செய்ய மாட்டேன். இந்த வண்டியின் முகமே அந்தப் பட்டைகள்தான். நாளை வேறொருவர் கைக்குப் போனாலும் பழையபடி பூட்ட முடிகிற வேலையை மட்டும்தான் செய்வது என்று இதை வாங்கிய அன்றே முடிவு செய்தேன்.

மார்ச் 17, ஞாயிறு

கிரில் வழியே நுழையும் காற்று எங்கே போகிறது? இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

எம்ஜிபியில் ரேடியேட்டர் கிரில்லை ஒட்டி இல்லை, நன்றாகப் பின்தள்ளி ஒரு குறுக்குத் தகட்டில் நிற்கிறது. அந்தத் தகட்டின் மேல்விளிம்பில் விரல் நீள கம்பளி நூல்களை ஒட்டினேன். போனைக் கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இறுக்கிக் கட்டி, படம் பிடிக்கவிட்டு ஓட்டினேன். வீட்டுக்கு வந்து மகளும் நானும் பார்த்தோம். அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள்: “அப்பா, நூலெல்லாம் ரேடியேட்டர் பக்கமே போகல பாருங்க. பானெட்டுக்கு அடியில போய் பின்னாடி பறக்குது.”

தகட்டுக்கும் பானெட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய ஸ்பாஞ்ச் பட்டையே என் வண்டியில் இல்லை! எப்போது உதிர்ந்ததோ. ரேடியேட்டரின் நெருக்கமான ஃபின்களுக்குள், அந்த மெல்லிய தகடுகளுக்கு நடுவே, புகுவதைவிட மேலே இருக்கும் சந்தில் ஓடுவது காற்றுக்குச் சுலபம். கிரில்லை எவ்வளவு திறந்தாலும் கூடுதலாக வரும் காற்றில் பெரும்பங்கு அந்தச் சந்துக்குத்தான் போயிருக்கும். என்ஜின் ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலரின் குழாய்கள் தகட்டைத் துளைத்துப் போகும் இடத்திலும் ரப்பர் வளையங்கள் காணோம்.

மார்ச் 23, சனி

தண்ணீர் உறிஞ்சாத ஸ்பாஞ்ச் பட்டையை மேல்விளிம்பு முழுக்க ஒட்டினேன். பானெட்டை மூடினால் லேசாக அமுங்குகிற உயரம். குழாய் ஓட்டைகளுக்குப் புது ரப்பர் வளையம். கிரில்லுக்கு நேர் முன்னால் நின்ற பனிவிளக்கு இரண்டையும் பம்பருக்குக் கீழே இறக்கினேன்.

மார்ச் 24, ஞாயிறு

35 டிகிரி வெயில். மணிக்கு 90ல் நாற்பது நிமிடம். முள் 87ஐத் தாண்டவில்லை. நூல்களை எடுக்காமல் விட்டிருந்தேன். படத்தில் எல்லாம் ரேடியேட்டர் பக்கம் படிந்து கிடக்கின்றன.

நிற்கும்போது ஏறுவது மட்டும் பாக்கி. ஐட்லிங்கில் ஒரு காகிதத்தை ரேடியேட்டர் முன் பிடித்தேன். நடுவில் ஃபேன் இழுத்து ஒட்டிக்கொள்கிறது, நான்கு மூலையிலும் விழுந்துவிடுகிறது. மூலைகளிலிருந்தும் காற்று இழுபட ஃபேனைச் சுற்றி ஒரு கூடு வளைக்க வேண்டும். அட்டையில் அளவு வெட்டி வைத்திருக்கிறேன்.