பயாப்ஸி முதல் சேம்பர் வரை: தசை நாரில் ஆக்ஸிஜன் அளக்கும் கதை

பயிற்சிக்குப் பிறகு மைட்டோகாண்ட்ரியாவின் செயல்பாடு கூடியது என்று ஒரு ஆய்வு சொன்னால் நான் முடிவுரைக்குப் போவதில்லை. நேராகச் செய்முறைப் பகுதிக்குப் போய் நான்கு விஷயங்களைத் தேடுவேன்: தசை நார் எத்தனை மில்லிகிராம், அதன் ஆக்ஸிஜன் செலவை அளக்கும் சிறு கலமான சேம்பரில் ஆக்ஸிஜன் எவ்வளவு இருந்தது, சவ்வின் சேதத்தைக் காட்டும் சைட்டோகுரோம் சி என்ற புரதத்தைப் போட்டுப் பார்த்தார்களா, கடைசி எண்ணை எதால் வகுத்தார்கள். இவை எழுதப்படாத இடத்தில் அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தத் துறைக்கு வரும் மாணவர்கள் கருவியின் மென்பொருளைக் கற்றுக்கொள்வதில் காட்டும் அக்கறையை, கருவிக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் காட்டுவதில்லை. எண் கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

1967-ல் ஜான் ஹலாசி எலிகளைப் பல வாரங்கள் டிரெட்மில்லில் ஓடவிட்டு, அவற்றின் தசை மைட்டோகாண்ட்ரியாவின் ஆக்ஸிஜன் எடுக்கும் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்கானதைக் காட்டினார். அவர் தசையை அரைத்து மைட்டோகாண்ட்ரியாவைத் தனியாகப் பிரித்து அளந்தார். எலியிடம் தசைக்குப் பஞ்சமில்லை. மனிதத் தொடையிலிருந்து கிடைப்பதோ 100 மில்லிகிராம் சுமாருக்கு. அதை அரைத்தால் கணிசமான பங்கு வழியிலேயே போய்விடும். பின்னிப் பிணைந்து கிடக்கும் மைட்டோகாண்ட்ரியா துண்டு துண்டாக உடையும். அதனால் இன்று மனித ஆய்வுகளில் அதிகம் புழங்குவது, நாரை அப்படியே வைத்துக்கொண்டு அதன் வெளிச்சவ்வில் மட்டும் துளை போட்டு அளக்கும் முறை. ஒரு அளவீட்டுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் போதும்.

மாதிரி எடுக்கும் இடம் தொடையின் வெளிப்புறத் தசையான வாஸ்டஸ் லேட்டராலிஸ். 1962-ல் ஜோனஸ் பெர்க்ஸ்ட்ரோம் பழக்கத்துக்குக் கொண்டுவந்த ஊசியைத்தான் உறிஞ்சுவிசை சேர்த்து இன்றும் பயன்படுத்துகிறார்கள். இது மருத்துவர் கையால், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு நடக்கவேண்டிய வேலை. ஆய்வகத்தில் இருப்பவர் அவரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டியது ஒன்று உண்டு: மரத்துப்போகும் மருந்து தோலுக்கும் தசையுறைக்கும் போதும், தசைக்குள் போகக்கூடாது. அந்த மருந்துகள் மைட்டோகாண்ட்ரியாவையே தொந்தரவு செய்யக்கூடியவை.

ஊசியிலிருந்து வந்த துண்டு சில நொடிகளுக்குள் பனிக்கட்டியில் வைத்த பயாப்ஸ் (BIOPS) என்ற பாதுகாப்புக் கரைசலுக்குள் போகவேண்டும். அறுபட்ட நாருக்குள் கால்சியம் பாய்ந்தால் நார் சுருங்கும், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி இருப்பதைத் தின்றுவிடும், மைட்டோகாண்ட்ரியா வீங்கும். அதைத் தடுக்கத்தான் இந்தக் கரைசலில் ஈஜிடிஏ மூலம் தனிக் கால்சியத்தை 0.1 மைக்ரோமோலாரில் பிடித்துவைக்கிறார்கள். நார் தளர்ந்தே இருக்க 5.77 மில்லிமோலார் ஏடிபியும் 15 மில்லிமோலார் ஃபாஸ்போகிரியேட்டினும் இருக்கும். அமிலநிலை 7.1. "இப்போதைக்கு உறையவைத்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாம்" என்பது இங்கே நடக்காது. உறைந்து உருகினால் சவ்வுகள் கிழிந்துவிடும். உறைந்த திசுவில் சில நொதிகளையும் சுவாசச் சங்கிலியின் தனித்தனிக் கூட்டுகளையும் அளக்கலாமே தவிர, ஏடிபி உற்பத்தியோடு இணைந்த சுவாசம் கிடைக்காது.

அடுத்தது நார் பிரிப்பது. இதைச் சொல்லிக் கொடுப்பது கடினம், பார்த்துத்தான் பழகவேண்டும். பனியின் மேல் வைத்த பெட்ரி தட்டில், நுண்ணோக்கிக்குக் கீழே, கூர்மையான இரண்டு ஃபோர்செப்ஸால் முதலில் கொழுப்பையும் இணைப்புத் திசுவையும் நீக்குங்கள். கொழுப்பு விட்டுப்போனால் எடையில் சேர்ந்துகொள்ளும், சுவாசத்தில் சேராது. பிறகு நார்க்கட்டின் இரு முனைகளையும் பிடித்துப் பக்கவாட்டில் மெதுவாக விலக்குங்கள். நாரின் நடுவில் பிடிக்கக்கூடாது, நீளவாக்கில் இழுக்கக்கூடாது. ஆரம்பத்தில் துண்டு அடர்சிவப்பாக, ஒளி புகாமல் இருக்கும். சரியாகப் பிரிந்ததும் நிறம் வெளிறி, விரித்துப் பிடித்த மீன்வலை மாதிரி இடைவெளிகளோடு ஒளி ஊடுருவத் தெரியும். சிவப்புத் திட்டு மிச்சமிருந்தால் வெளிச்சவ்வில் துளை போடும் சப்போனின் அங்கே போகாது, பின்னால் சேர்க்கும் பொருள்களும் போகாது, ஆக்ஸிஜனும் சரியாகப் போகாது என்று பொருள். ஒரு மாதிரிக்கு ஐந்து முதல் பத்து நிமிடத்துக்கு மேல் போனால் பழக்கம் போதவில்லை.

சப்போனின் வேலை செய்வது கொலஸ்ட்ராலைப் பிடித்து. நாரின் வெளிச்சவ்வில் கொலஸ்ட்ரால் நிறைய; மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் மிகக் குறைவு. அந்த வித்தியாசத்தை நம்பித்தான் இந்த முறையே நிற்கிறது. 2 மில்லிலிட்டர் பயாப்ஸில், மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் உள்ள சப்போனின் ஸ்டாக்கிலிருந்து 20 மைக்ரோலிட்டர் விட்டால் மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் வரும். குளிரில் 30 நிமிடம், மெதுவான ஆட்டத்தில். பின் சுவாசக் கரைசலான மிர்05-ல் 10 நிமிடக் கழுவல். சப்போனின் இயற்கைப் பொருள் என்பதால் புதிய பாட்டில் திறக்கும்போதெல்லாம் அளவைச் சோதித்துப் பாருங்கள். பழைய அளவு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எடை போடுவதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் 2 மில்லிகிராம் நாரில் 0.2 மில்லிகிராம் தண்ணீர் ஒட்டியிருந்தால் விடையில் பத்து சதவீதப் பிழை. பயிற்சியால் வரும் மாற்றத்தையே அது விழுங்கிவிடக்கூடும். உலர்ந்த வடிதாளில் நாரை ஒத்தி எடுப்பதை ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக, ஒரே நேர அளவில், ஒரே ஆள் செய்யவேண்டும். அந்த ஆளுக்கு எது பயிற்சிக்கு முந்தைய மாதிரி, எது பிந்தையது என்று தெரியாமல் இருப்பது இன்னும் நல்லது. அதிகம் காயவிட்டால் நார் தாளோடு ஒட்டிக் கிழியும்.

இனி சேம்பர். 2 மில்லிலிட்டர் மிர்05, 37 டிகிரி, கலக்கி ஓடிக்கொண்டிருக்கவேண்டும். காற்றோடு சமநிலையில் இந்தக் கரைசலில் சுமார் 180 முதல் 190 மைக்ரோமோலார் ஆக்ஸிஜன்தான் இருக்கும். தனி மைட்டோகாண்ட்ரியாவுக்கு அது தாராளம். நார்க்கட்டின் நடுப்பகுதிக்கு ஆக்ஸிஜன் ஊடுருவிப் போய்ச் சேரவேண்டுமே, அதற்குப் போதாது. அதனால் தூய ஆக்ஸிஜனைச் செலுத்தி 400-க்கு ஏற்றி, 250-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வார்கள். எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று கணக்குப் போடலாம்: 2.5 மில்லிகிராம் நார், மில்லிகிராமுக்கு நொடிக்கு 80 பிகோமோல் வீதம் எடுத்தால் மொத்தம் நொடிக்கு 200 பிகோமோல். 2 மில்லிலிட்டரில் அது நிமிடத்துக்கு 6 மைக்ரோமோலார் இறக்கம். 400-லிருந்து 250-க்கு வர 25 நிமிடம். முழு வேகத்தில் ஓடும் கட்டத்தில் இடையில் ஒருமுறை ஆக்ஸிஜன் ஏற்றியே ஆகவேண்டும். மூடியில் ஒரு சிறு காற்றுக்குமிழ் சிக்கியிருந்தாலும் அளவீடு வீண். குமிழியிலிருந்து ஆக்ஸிஜன் கரைந்துகொண்டே இருக்கும், நார் குறைவாக எடுப்பது போலத் தெரியும்.

பொருள்களைச் சேர்க்கும் வரிசை ஆய்வின் கேள்வியைப் பொறுத்தது. அடிக்கடி பார்ப்பது இது. முதலில் எரிபொருள்கள்: குளூட்டமேட் 2 மோலார் ஸ்டாக்கில் 10 மைக்ரோலிட்டர், மாலேட் 0.8 மோலாரில் 5, பைருவேட் 2 மோலாரில் 5. பைருவேட்டை அன்றன்று புதிதாகக் கரையுங்கள். ஏடிபி உற்பத்தி இல்லாத கசிவுச் சுவாசம் இப்போது தெரியும். அடுத்து ஏடிபியின் முன்பொருளான அடினோசின் டைஃபாஸ்பேட்: 500 மில்லிமோலாரில் 20 மைக்ரோலிட்டர் விட்டால் 5 மில்லிமோலார். ஸ்டாக்கிலேயே மெக்னீசியம் குளோரைடு சேர்த்து, அமிலநிலையை 7-க்குக் கொண்டுவந்திருக்கவேண்டும். இல்லையேல் தனி மெக்னீசியம் சரிந்துவிடும். திரையில் சுவாச வேகத்தைக் காட்டும் கோடு செங்குத்தாக ஏறும். அது நிலைத்த பிறகு சைட்டோகுரோம் சி, 4 மில்லிமோலாரில் 5 மைக்ரோலிட்டர்.

முழு வேலையின் நேர்மையும் இந்த 5 மைக்ரோலிட்டரில்தான் இருக்கிறது. சைட்டோகுரோம் சி பன்னிரண்டு கிலோடால்டன் சுமாருள்ள புரதம். சேதமில்லாத வெளிச்சவ்வைத் தாண்டி உள்ளே போகாது. போட்டதும் சுவாசம் கூடினால், நாம் பிரிக்கும்போதோ சப்போனினிலோ சவ்வைக் கிழித்துவிட்டோம், உள்ளிருந்தது வெளியே போய்விட்டது என்று அர்த்தம். பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் ஏறினால் அந்த அளவீட்டை ஒதுக்கவேண்டும். எந்த எல்லையில் ஒதுக்குவது என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதிவையுங்கள். முடிவைப் பார்த்தபின் எல்லையை நகர்த்துவது மிக எளிது.

பிறகு சக்சினேட், 1 மோலாரில் 20 மைக்ரோலிட்டர். சுவாசச் சங்கிலியின் முதல் கூட்டும் இரண்டாம் கூட்டும் ஒருசேர எலக்ட்ரான் கொடுக்கும் இந்த நிலைதான் உடலுக்குள் நடப்பதற்கு நெருக்கமானது. அடுத்து, சுவாசத்தை ஏடிபி உற்பத்தியிலிருந்து அவிழ்த்துவிடும் எஃப்சிசிபி-யை 1 மில்லிமோலாரில் ஒவ்வொரு மைக்ரோலிட்டராக, கோடு ஏறுவது நிற்கும்வரை. அவசரப்பட்டு அதிகம் விட்டால் சுவாசம் இறங்கத் தொடங்கும், உச்ச அளவு கைவிட்டுப் போகும். கடைசியில் சங்கிலியை அடைக்கும் ரோட்டனோன், ஆன்டிமைசின் ஏ ஒவ்வொரு மைக்ரோலிட்டர். மிச்சமிருக்கும் ஆக்ஸிஜன் செலவு மைட்டோகாண்ட்ரியாவின் சங்கிலிக்கு வெளியே நடப்பது. மற்ற எல்லாவற்றிலிருந்தும் அதைக் கழிக்கவேண்டும்.

அடினோசின் டைஃபாஸ்பேட்டுக்கு நார் சோம்பலாகப் பதில் சொல்கிறது, ஆனால் சைட்டோகுரோம் சி சோதனையில் தேறுகிறது என்றால் துளை போதவில்லை. முதல் கூட்டின் அளவு மட்டும் எல்லா மாதிரியிலும் தாழ்ந்திருந்தால் நாரைக் குறை சொல்லாதீர்கள், நேற்றைய ரோட்டனோன் சேம்பரில் ஒட்டியிருக்கிறது. அது தண்ணீரில் போகாது. மூடி, கலக்கி எல்லாவற்றையும் எத்தனாலில் ஊறவைத்துப் பலமுறை கழுவவேண்டும். கருவியின் இரண்டு சேம்பருக்கும் இடையே எப்போதும் ஒரே பக்கம் வித்தியாசம் தெரிந்தால் பயாப்ஸி துண்டுகளை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

இத்தனையும் சரியாக நடந்த பின் வருவது மில்லிகிராம் நாருக்கு நொடிக்கு இத்தனை பிகோமோல் என்ற எண். அது கூடியிருந்தால் மைட்டோகாண்ட்ரியா அதிகமாகியிருக்கலாம். அல்லது ஒவ்வொன்றும் வேகமாக வேலை செய்யலாம். இரண்டையும் பிரிக்க, அதே மாதிரியின் ஒரு பகுதியில் மைட்டோகாண்ட்ரியா எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டும் சிட்ரேட் சிந்தேஸ் நொதியையோ மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ-வையோ அளந்து அதால் வகுக்கவேண்டும். இது வெறும் கணக்கு வழக்கல்ல. இரண்டாம் வகை நீரிழிவில் தசை மைட்டோகாண்ட்ரியா பழுதடைகிறது என்று 2002-ல் டேவிட் கெல்லி குழு எழுதியது. 2007-ல் ராபர்ட் பௌஷெல் குழு துளையிட்ட நாரில் அளந்தபோது, எடையால் வகுத்தால் நீரிழிவு உள்ளவர்களின் அளவு குறைவாகவே வந்தது. சிட்ரேட் சிந்தேஸாலோ டிஎன்ஏ-வாலோ வகுத்தால் வித்தியாசம் மறைந்தது. குறைந்திருந்தது எண்ணிக்கை. நடக்காமல் உட்கார்ந்தே இருப்பதாலும் அதே குறைவு வரும் என்பதால், உடலுழைப்பில் ஒத்த ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வில் "பழுது" என்ற சொல்லை நான் ஏற்கத் தயங்குவேன்.

இந்த எண் கூடினால் ஓட்டக்காரரின் உடல் எடுக்கக்கூடிய உச்ச ஆக்ஸிஜன் அளவும் அதே விகிதத்தில் கூடும் என்றும் எதிர்பார்க்கவேண்டாம். 1985-ல் ஆண்டர்சனும் சால்ட்டினும் ஒற்றைக் காலின் முழங்கால் நீட்டும் தசையை மட்டும் வேலை செய்யவிட்டபோது, அதற்குக் கிலோவுக்கு நிமிடத்துக்கு சுமார் 2.5 லிட்டர் இரத்தம் பாய்ந்தது. இரு கால்களும் உடலும் சேர்ந்து ஓடும்போது இதயத்தால் அத்தனை தசைக்கும் அந்த வீதத்தில் அனுப்பவே முடியாது. தசைக்குள் திறன் ஏற்கெனவே மிச்சம். கூடுதல் மைட்டோகாண்ட்ரியாவால் கிடைப்பது வேறு: அதே வேகத்தில் கிளைக்கோஜன் குறைவாகச் செலவாகும், லாக்டேட் குறைவாகச் சேரும், கொழுப்பு அதிகம் எரியும்.

ஆய்வு திட்டமிடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. கடைசிப் பயிற்சிக்கும் பயாப்ஸிக்கும் இடையே குறைந்தது 48 மணி நேரம் விடுங்கள், அந்த இடைவெளியைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒன்றாகவே வையுங்கள். இல்லாவிட்டால் கடைசி ஓட்டத்தின் விளைவும் எட்டு வாரப் பயிற்சியின் விளைவும் ஒரே எண்ணில் கலந்துவிடும். இரண்டாம் பயாப்ஸி முதல் தழும்பிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி, அதே ஆழத்தில். ஆழம் மாறினால் மெதுநார், விரைநார் விகிதமும் மாறும்.