வினைமுற்றே குடும்பப் பெயராகும் நாடு

செக் குடும்பப் பெயர்களில் எனக்கு மிகப் பிடித்தவை முழு வினைச்சொற்களாகவே நிற்பவைதான். போஸ்பீஷில் என்றால் ‘அவசரப்பட்டான்’. நவ்ராடில் ‘திரும்பி வந்தான்’. விஸ்கோச்சில் ‘துள்ளிக் குதித்தான்’. ஸ்கோச்டோபோலே இன்னும் ஒரு படி மேல்: ‘வயலுக்குள் குதி’ என்ற கட்டளையே பெயராகிவிட்டது! ஊரார் வைத்த பட்டப்பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டு பேரன்வரை வந்திருக்கிறது. 1780களில், அப்போது செக் நாட்டையும் ஆண்ட பேரரசர் இரண்டாம் யோசேப்பின் ஆட்சியில், பரம்பரைப் பெயர் கட்டாயமானதும் இவை பதிவேட்டில் உறைந்துவிட்டன.

நோவாக், நோவோட்னி இரண்டும் ஊருக்குப் புதிதாக வந்தவரைக் குறிப்பவை. கூச்செரா, சுருட்டை முடிக்காரர். கோவார்ஷ், கொல்லர்.

முன்னோரைத் தேடுபவர்கள் தடுக்கி விழும் இடம் பெண்பால் வடிவம். நோவாக்கின் மனைவியும் மகளும் நோவாகொவா. நோவோட்னியின் மகள் நோவோட்னா. ‘-ஒவா’வை வெட்டினால் மூலப்பெயர் கிடைத்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. ஹாவெல் என்பது ஹவ்லொவா ஆகும்போது நடுவிலுள்ள ‘எ’ உதிர்ந்துவிடுகிறது. வெறுமனே வெட்டினால் ‘ஹவ்ல்’தான் மிஞ்சும், அதைத் தேடினால் ஒன்றும் அகப்படாது. ஸ்வோபொதொவாவிலோ, வெட்டிய இடத்தில் ‘ஆ’ சேர்த்தால்தான் ஸ்வோபொதா வரும்.

மார்ட்டினூ போன்றவை இருபாலுக்கும் மாறாது. ‘மார்ட்டின் வீட்டார்’ என்ற உடைமைப் பொருள் அதிலேயே இருக்கிறது. தையற்காரரைக் குறிக்கும் கிரெய்ச்சியும் அப்படியே.

2022 முதல் செக் பெண்கள் விரும்பினால் ஆண்பால் வடிவத்தையே வைத்துக்கொள்ளலாம். எனவே புதிய ஆவணங்களில் இரண்டு வடிவங்களையும் தேடுங்கள்.