இந்தூருக்குக் கொண்டுபோன ஃபெரைட் பொடி

உசிலம்பட்டிக்காரன் இந்தூர் போக வேண்டுமென்றால் மதுரையில் பாண்டியன் ஏறி எழும்பூர், அங்கிருந்து சென்ட்ரல், ராத்திரி தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போபால், அப்புறம் பஸ். அந்த அலைச்சல்கூடப் பெரிதில்லை. தாலுகா ஆபீசுக்கு நடந்த நடைதான் பெரிசு.

இந்தூரில் அணுசக்தித் துறையின் ராஜா ராமண்ணா மையத்தில் இண்டஸ்-1, இண்டஸ்-2 என்று இரண்டு சின்க்ரோட்ரான்கள் இருக்கின்றன. எலெக்ட்ரானை வளையத்தில் ஓடவிட்டு, அது திரும்பும்போது உமிழும் ஒளியை வைத்து ஆராய்ச்சி செய்கிற இடம். எம்எஸ்சி இயற்பியல் முடித்து, இயற்பியல் பிஎச்டி சேர்க்கைக்கான ஜெஸ்ட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு அங்கே பிஎச்டிக்கு விண்ணப்பித்தேன். கேட் நுழைவுத் தேர்வு எழுதி, பார்க் (பாபா அணு ஆராய்ச்சி மையம்) பயிற்சிப் பள்ளி வழியாக நேரே விஞ்ஞானி வேலைக்கும் போகலாம். ஐடிஐ முடித்தவர்களை அப்ரண்டிஸாக எடுக்கிறார்கள். எனக்கு வாய்த்தது பிஎச்டி வழி.

முதல் முட்டுக்கட்டை சாதிச் சான்றிதழ். நம்ம ஊர் எம்பிசி சான்றிதழ் அங்கே செல்லாது. கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வரமாட்டோம் என்று மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். "அதான் கம்யூனிட்டி இருக்குல்ல தம்பி, இன்னொன்னு எதுக்கு?" என்று சேவை மையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று கைக்கு வர மூன்று வாரம். விண்ணப்ப அறிவிப்பு வருவதற்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.

நேர்காணலில் முதல் கேள்வி சுலபம். "இண்டஸ்-2 வளையத்தின் சுற்றளவு 172 மீட்டர். எலெக்ட்ரான் வினாடிக்கு எத்தனை சுற்று சுற்றும்?" ஒளியின் வேகத்தை வகுத்து, சுமார் 17 லட்சம் என்றேன். என் ஆங்கிலம் திக்கியது, யாரும் கண்டுகொள்ளவில்லை.

அப்புறம் என் புராஜெக்ட் அறிக்கையைத் திறந்தார்கள். கோபால்ட் ஃபெரைட் (கோபால்ட்டும் இரும்பும் சேர்ந்த ஆக்சைடு) நானோ பொடியின் எக்ஸ்ஆர்டி படம், அதாவது பொடியில் எக்ஸ்ரே பட்டுச் சிதறுவதைக் காட்டும் வரைபடம். "வரைபடத்தின் அடிக்கோடு (பேஸ்லைன்) ஏன் இவ்வளவு உயரத்தில் நிற்கிறது?" மெஷின் பழசு என்றேன். மதுரையில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"மெஷினை விடு. சாம்பிளில் என்ன இருக்கிறது?"

இரும்பு. எங்கள் மெஷினின் செம்பு எக்ஸ்ரே குழாயிலிருந்து வரும் எக்ஸ்ரேயின் ஆற்றல் 8.05 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். இரும்பு அணுவின் உள் எலெக்ட்ரானை வெளியேற்றத் தேவையான ஆற்றல், அதாவது கே-விளிம்போ 7.11. அதாவது என் எக்ஸ்ரேயே இரும்பைத் தூண்டி ஒளிரவைத்திருக்கிறது. அந்த ஒளிதான் அடிக்கோட்டைத் தூக்கியிருக்கிறது. கோபால்ட்டும் அதே கதைதான், 7.71. இரண்டு வருஷம் கையில் வைத்திருந்த படம், போர்டு முன்னால் நின்றபோதுதான் புரிந்தது. "இங்கே வந்தால் என்ன செய்வாய்?" ஆற்றலை 7.11-க்குக் கீழே இறக்கி வைப்பேன் என்றேன். சின்க்ரோட்ரானில் வேண்டிய ஆற்றலைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாமே! மீதி நேரம் முழுக்க அந்தப் பொடியைப் பற்றியேதான் பேச்சு. நான் ராத்திரி பகலாக உருப்போட்ட குவாண்டம் மெக்கானிக்ஸை ஒருவரும் தொடவில்லை.

காத்திருப்போர் பட்டியலில் போட்டார்கள். இரண்டு மாதம் கழித்து மெயில் வந்தது.

அணுசக்தித் துறை என்பதால் போலீஸ் விசாரணை உண்டு. ஏட்டையா வீட்டுக்கு வந்ததும் அப்பத்தா, "எம்பேரன் எந்த வம்புதும்புக்கும் போகாதவன் சாமி" என்று அழ ஆரம்பித்துவிட்டது. அவர் காபியை வாங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "தம்பி, இது குண்டு செய்யிற வேலையா?"

"இல்லங்கய்யா, இரும்புப் பொடி மேல லைட் அடிக்கிற வேலை."