அம்மாவின் நேர்த்தி: மண்டூரிலிருந்து கதிர்காமம்

ஏழு வயதில் எனக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தபோது அம்மா வைத்த நேர்த்தி இது. பிள்ளை பிழைத்தால் காட்டு வழியாக நடந்தே வருகிறேன் என்று கதிர்காமக் கந்தனிடம் சொல்லியிருந்தார். நான் பிழைத்தேன், சண்டையில் பாதை மூடிக்கொண்டது. திறந்தபோது அம்மாவின் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. "நீ போ மனே. என்ர கால் வேற உன்ர கால் வேறயா?" என்றார்.

மண்டூரானைக் கும்பிட்டுவிட்டு, நாங்கள் பாதை என்று சொல்லும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்து குருமண்வெளியில் இறங்கினோம். வெறுங்கால்தான். வாவியின் மேற்கே படுவான்கரையில் வெடித்துக் கிடந்த மானாவாரி வயல் ஒரு விதமாகச் சுட்டது என்றால், கிழக்கே எழுவான்கரை மணல் வேறு விதம். போதாததற்குக் கச்சான் காற்று. தென்மேல் பருவக்காற்று மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, மலை இறங்கும்போது காய்ந்து சூடேறி நம் முகத்தில் வந்து அடிக்கிறது. நமக்கு மழை ஐப்பசிக்குப் பிறகுதான். முருகன் திருவிழாவோ இந்தக் கோடையில்!

திருக்கோவில், கோமாரி, பொத்துவில் எல்லாம் தார் றோடு. தண்ணீர்ப்பந்தலும் அன்னதானமும் வழிநெடுக. பாணமைக்கு அப்பால் வீடுகள் குறைந்து பற்றைக்காடும் பாறையும் வந்தன. உகந்தையில் காட்டுப் பாதை திறக்கக் காத்திருந்த கூட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. வாயில் "சாமி, சாமி", முழங்கையில் இடி. வள்ளியம்மன் மலையில் சுனைக்குப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் போத்தலை எறிகிறார்கள். எரிச்சலாக இருந்தது.

காட்டுக்குள் முட்பற்றையும் திறந்த வெட்டையும் மாறி மாறி வந்தன. கும்புக்கன் ஆற்றங்கரைக்கு வந்ததும் திடீரென்று குளிர்ச்சி. ஆற்றின் ஈரத்தைக் குடித்து வளர்ந்த பெரிய பெரிய மருத மரங்கள். அந்த நிழலை விட்டு எழும்ப யாருக்கும் மனமில்லை.

நாவலடி தாண்டிய மத்தியானம்தான் நான் உட்கார்ந்துவிட்டேன். போத்தலில் தண்ணீர் இல்லை, குதிக்கால் முழுக்க முள்ளு. கையில் வேலோடு வந்த ஒரு வயதான அம்மா மடியிலிருந்து பாலைப்பழம் எடுத்துத் தந்தார். "தின்னுங்க சாமி. கரடியும் இதுக்குத்தான் வரும், கெதியா எழும்புங்க." மஞ்சள் பழம், தேன் போல. ஆனால் அதன் பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு "அரோகரா" சொல்ல வாய் திறக்கவில்லை. அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், கால் தானாக நடந்தது. பிறகு அவரை நான் காணவே இல்லை. வந்தது யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

கதிர்காமத்துக்கு வந்து மாணிக்க கங்கையில் முழுகி எழுந்தால், கரையிலேயே பழத்தட்டு விற்கிறவர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒருவர் சொன்ன விலைக்கு ஊரில் ஒரு வாழைக்குலையே வாங்கலாம். சரி, அவன் வாசலில் என்ன பேரம் என்று வாங்கிக்கொண்டேன்.

உள்ளே, சந்நிதியை மறைக்கும் அந்தத் திரை. வாயைத் துணியால் கட்டிய கப்புறாளை, அதாவது பூசை செய்கிறவர், அதற்குள் போய் வருகிறார். பின்னால் தள்ளுகிறார்கள், என்னால் அசைய முடியவில்லை. திரைக்கு அப்பால் இருப்பதைக் காணவேண்டும் என்ற எண்ணமே எழவில்லை. இத்தனை வெயிலிலும் எங்களைக் காய விடாமல் கூட்டி வந்தவன் அங்கே நிற்கிறான். அழுதேன். அம்மாவுக்காக வந்தேனா எனக்காக வந்தேனா என்று தெரியாமல் அழுதேன். முருகா, முருகா!

திருநீறும் கங்கைத் தண்ணீரும் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். பூசிக்கொண்டு, என் குதிக்காலில் இன்னும் கிடந்த முள்ளைத் தடவிப் பார்த்தார். ஊசி எடுக்கப் போனவர் திரும்பி வந்து, "இது எனக்குக் குத்தவேண்டிய முள்ளு மனே" என்றார்.