லங்காவி நம்பர் காரை ஏன் வாங்கவில்லை

தங்கைக்கு ஒரு பழைய கார் தேடியபோது, மலேசியாவில் நாங்கள் இருக்கும் பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் ஒரு தரகர், "லங்காவி நம்பர் எடுத்துக்குங்க அண்ணே, விலையும் கம்மி, ரோட்டெக்ஸும் கம்மி" என்றார். அவர் சொன்ன விலை உண்மையிலேயே ஆசை காட்டியது. லங்காவி நம்பர் என்றால் லங்காவித் தீவில் பதிந்த கார். 1987 முதல் வரியில்லாத் தீவு என்பதால் அங்கே கார் மலிவு. ரோட்டெக்ஸும், அதாவது ஆண்டுதோறும் கட்டும் சாலை வரியும், நாட்டில் எல்லா இடத்திலும் ஒன்றில்லை: உதாரணமாக 1998 சிசி காருக்கு நம் தீபகற்பத்தில் ஆண்டுக்கு 379 வெள்ளி, சபா, சரவாக்கில் 273 வெள்ளி 50 சென். அங்குள்ள மோசமான சாலைகளைப் பார்த்தவர்கள் அந்தச் சலுகையைக் குறை சொல்ல மாட்டார்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் சுங்கத்துறையில் விசாரித்தேன். லங்காவி காரை வெளியே கொண்டுவர அவர்கள் அனுமதி வேண்டும், அதுவும் குறிப்பிட்ட நாட்களுக்குத்தான். நிரந்தரமாகப் பினாங்கில் ஓட்டுவதென்றால், விட்டுக்கொடுத்த வரியைக் கட்டியாக வேண்டும். அப்புறம் மலிவு எங்கே? சலுகை அந்தத் தீவில் வாழ்கிறவர்களுக்கு, காருக்கு இல்லை.

சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்கள் புதுச்சேரியில் பதிந்தால் வரி கம்மி என்று இப்படித்தான் பேசுவார்கள். இந்தியாவில் வாகன வரியை ஒவ்வொரு மாநிலமும் தானே வைக்கிறது, அதனால் போட்டி வருகிறது. ஆனால் வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். இங்கே மலேசியாவில் ரோட்டெக்ஸ் மத்திய அரசின் கையில். பினாங்கு நினைத்தாலும் குறைக்க முடியாது. எனக்கு அதுவே நல்லது என்று படுகிறது. இல்லாவிட்டால் வசதி உள்ளவர் எங்கே மலிவோ அங்கே பதிந்துகொள்வார், மற்றவர்கள் முழுசாகக் கட்டுவோம்.

கடைசியில் பக்கத்திலுள்ள பிறை என்ற ஊரில் ஒரு உள்ளூர் கார் அமைந்தது. முதலில் கட்டாத பழைய சம்மன் (போக்குவரத்து அபராதம்), வங்கிக் கடன் பாக்கி எதுவும் இல்லை என்று பார்த்தோம். இருந்தால் காரை வாங்குபவர் பெயருக்கு மாற்ற முடியாது. அடுத்து வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோமில், பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனை. அங்கே ஊழியர் டார்ச் அடித்து, சேசிஸ் எண் மேலிருந்த அழுக்கைத் துணியால் துடைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கிராண்டோடு (கார் உரிமைப் பத்திரம்) ஒப்பிட்டார். அந்த எண் சரியாக இருப்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை, பக்கத்தில் நின்று நீங்களும் பாருங்கள்.

பிறகு தங்கை பெயரில் காப்புறுதி. ஜேபிஜே என்ற சாலைப் போக்குவரத்துத் துறையின் கவுண்டரில் விற்பவரும் அவளும் மைகார்டு (அடையாள அட்டை) கொடுத்துப் பெருவிரல் ரேகை வைத்தார்கள். 2023 பிப்ரவரியிலிருந்து ரோட்டெக்ஸ் தாளைக் கண்ணாடியில் ஒட்டத் தேவையில்லை, அந்தத் துறையின் மைஜேபிஜே செயலியில் இருந்தால் போதும். அதில் அவள் பெயரில் கார் தெரிந்த பிறகுதான் மீதிப் பணத்தைக் கொடுத்தோம்.