பண்ணைப்புரத்தில் தம்பியைத் தேடி ஒரு நாள்

இளையராஜா, கங்கை அமரன் சகோதரர்களின் ஊரான பண்ணைப்புரத்துக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதுவதாகத்தான் நண்பர்களிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஆனால் தேனியில் ஏறிய அந்தத் தனியார் பேருந்தைப் பற்றி முதலில் புலம்பித் தீர்க்காவிட்டால் மற்றது எதுவும் வராது போலிருக்கிறது.

மதுரை ஆரப்பாளையத்தில் இருந்து தேனி வரைக்கும் அரசுப் பேருந்து, குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆண்டிபட்டிக் கணவாய் வரை நன்றாகத் தூங்கினேன். தேனியில் பென்னிகுவிக் பேர் வைத்திருக்கிற புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "பண்ணைப்புரம் போகுமா?" என்று கேட்டதும் கண்டக்டர் "ஏறுங்க ஏறுங்க, நேரா போகும்" என்றார். கிடைத்தது பின்சக்கரத்துக்கு மேலே இருக்கிற சீட், முழங்கால் மோவாயைத் தொடுகிறது. ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. ஆடி மாதம் வேறு, மேற்கே மலையில் இருந்து அடிக்கிற காற்றோடு சாரலும் சேர்ந்து வலது தோள் முழுக்க நனைந்துவிட்டது. தலைக்கு நேர் மேலே ஸ்பீக்கர். டிக்கெட் 38 ரூபாய், என்னிடம் 100 ரூபாய்த் தாள்தான் இருந்தது. டிக்கெட்டைத் திருப்பிப் பின்னால் 62 என்று பேனாவால் கிறுக்கி, "இறங்கும்போது வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போனவர் அப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை. மொத்தச் செலவை 1,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும் என்று கிளம்பியவனுக்கு 62 ரூபாய் சின்ன விஷயமில்லை. போடி வரும்வரை மலையை எங்கே பார்த்தேன், அந்த ஆளின் தோல்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பென்டிரைவில் எண்பதுகளின் பாட்டு ஒவ்வொன்றாக ஓடிக்கொண்டிருந்தது. போடி தாண்டியதும் "வா வா என் வீணையே" வந்தது. எஸ்.பி.பி.யும் வாணி ஜெயராமும். எனக்கு முன்சீட்டில் இரண்டு கல்லூரிப் பையன்கள். ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு, "என்ன இருந்தாலும் ராஜா ராஜாதான்டா" என்றான்.

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கு எனக்கு யாராவது பரிசு தர வேண்டும். ஏனென்றால் நான் இந்தப் பயணம் கிளம்பியதே அதற்காகத்தான். அந்தப் பாட்டு "சட்டம்" படத்தில் வருவது, 1983இல் வந்த படம், இசை கங்கை அமரன். பண்ணைப்புரத்துக்குப் போகிற எல்லோரும் அண்ணன் இளையராஜாவைத் தேடிப் போகிறார்கள், நான் தம்பியைத் தேடிப் போனேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

கங்கை அமரனைத் தெரியாதவர் யாரும் இல்லை என்பது உண்மைதான். "16 வயதினிலே"யில் "செந்தூரப்பூவே" எழுதியவர் என்று தெரியும், அந்தப் பாட்டுக்குத்தான் ஜானகிக்குத் தேசிய விருது கிடைத்தது. "கரகாட்டக்காரன்" இயக்கியவர் என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். வெங்கட் பிரபுவின் அப்பா என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். இசையமைப்பாளர் என்று சொன்னால் மட்டும் "அப்படியா?" என்கிறார்கள். எங்கள் பெரியப்பா வீட்டில் "வாழ்வே மாயம்" கேசட் இருந்தது. அட்டையில் கமல் படம் பெரிதாக, கீழே இசை என்று போட்டு அவர் பேர் சின்ன எழுத்தில். பெரியப்பாவே அதை இளையராஜா கேசட்டுகளோடு ஒரே பெட்டியில்தான் வைத்திருந்தார். நானும் பத்தாவது படிக்கிறவரை "நீல வான ஓடையில்" ராஜா பாட்டு என்றுதான் நினைத்திருந்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அண்ணன் 1976இல் "அன்னக்கிளி"யில் நுழைகிறார். மூன்றே வருஷத்தில், ஊரே அண்ணன் பாட்டில் கிடக்கும்போது, 1979இல் பாக்யராஜ் முதன்முதலாக இயக்கிய "சுவர் இல்லாத சித்திரங்கள்" படத்துக்குத் தம்பி இசை. அதில்தான் "காதல் வைபோகமே". மலேசியா வாசுதேவன் அந்தப் பாட்டை எப்படி எடுத்துப் பாடுகிறார் என்று ஒரு முறை ஹெட்போனில் கேளுங்கள். 1981இல் "மௌன கீதங்கள்", அதே பாக்யராஜ், "மூக்குத்திப் பூ மேலே", அப்புறம் அந்தக் குழந்தைப் பாட்டு "டாடி டாடி". 1982இல் "வாழ்வே மாயம்". தெலுங்கு "பிரேமாபிஷேக"த்தின் தமிழ் வடிவம், பாட்டு எல்லாம் வாலி. "மழைக்கால மேகம் ஒன்று", "தேவி ஸ்ரீதேவி", படத்தின் பேரிலேயே வருகிற அந்தச் சோகப் பாட்டு என்று ஒரே படத்தில் இத்தனை. இதெல்லாம் வேறு வீட்டுப் பிள்ளை போட்டிருந்தால் இன்றைக்கு அவருக்குத் தனி ரசிகர் மன்றம் இருந்திருக்கும். அண்ணன் பாட்டில் இடையிசையிலேயே ஒரு தனிக் கதை ஓடும். தம்பி பாட்டில் பல்லவி மட்டும் போதும், ஒரு தடவை கேட்டால் வாயில் ஒட்டிக்கொள்ளும். எனக்குத் தோன்றுவது இது, சண்டைக்கு வராதீர்கள்.

இன்னொரு வேடிக்கை, அதே 1982இல் அவர் முதன்முதலில் இயக்கிய "கோழி கூவுது" படத்துக்கு இசை இளையராஜா. மதுரையில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிய "கரகாட்டக்கார"னுக்கும் அண்ணன்தான். வீட்டில் இசையமைப்பாளர் நாற்காலி ஒன்றுதான், அதில் யார் உட்கார வேண்டும் என்று அவருக்கே ஒரு முடிவு இருந்திருக்கும் போல.

சரி, பஸ்ஸுக்கு வருகிறேன். தேவாரத்தில் வண்டியை ஓரம் கட்டி, "எல்லாம் இறங்குங்க, வண்டி இதோட நிக்குது, பின்னால வர்றதுல இதே டிக்கெட்டக் காட்டி ஏறிக்கோங்க" என்றார்கள். நேராகப் போகும் என்றது இதுதான். பக்கத்தில் இருந்த பாட்டி "இவனுகளுக்கு இதே பொழப்பு, டவுன் பஸ்ஸுக்கு நின்னிருந்தா எனக்குக் காசும் மிச்சம்" என்று திட்டிக்கொண்டே இறங்கினார். இறங்குகிற தள்ளுமுள்ளில் 62 ரூபாயை நான் சுத்தமாக மறந்துவிட்டேன். பின்னால் வர வேண்டியது முக்கால் மணி நேரமாக வரவே இல்லை.

அப்புறம் ஆட்டோ. போய்க் காத்திருந்து உத்தமபாளையத்தில் விட 700 கேட்டார். மதுரையிலேயே இவ்வளவு கேட்க மாட்டார்கள் என்றேன். "மதுரையில இந்தக் காத்து இருக்காண்ணே?" என்றார். வாயடைத்துப்போய் 500க்கு ஒத்துக்கொண்டேன், பட்ஜெட் அங்கேயே செத்தது.

பண்ணைப்புரம் சின்ன ஊர். மேற்கே மலை சுவர் மாதிரி நிற்கிறது, அதற்கு அந்தப் பக்கம் கேரளா. 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் இவர்களின் மூத்த அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாட்டுப் பாடிப் பிரசாரம் செய்தது அந்த மலைப்பக்கத்தில்தான். பின்னால் தம்பிகளும் அந்தக் கச்சேரிகளில் சேர்ந்துகொண்டார்கள். நினைவிடம், அருங்காட்சியகம் என்று எதையாவது எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். நான் போனது தெருவைப் பார்க்க, தெரு இருந்தது.

டீக்கடையில் ஒரு பெரியவர், எண்பதைத் தாண்டியிருப்பார். ராஜா வீடு பார்க்க வந்தீர்களா என்றார். இல்லை, கங்கை அமரன் என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "அமர்சிங்கையா கேக்குறீக?" என்றார். அமர்சிங்தான் அவருடைய சொந்தப் பேர். படித்துத் தெரிந்துகொண்ட பேரை ஒருவர் பக்கத்து வீட்டுப் பையனைச் சொல்கிற மாதிரி சொன்னபோது, வந்த செலவு அத்தனையும் செரித்துவிட்டது. "வாழ்வே மாயம்" அவர் இசை என்று தெரியுமா என்று கேட்டேன். "எழுதுனது தெரியும்யா, மெட்டும் அவந்தானா?" என்றார். சொந்த ஊரிலேயே இந்த நிலைமை. எழுதியது வாலி என்று அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆட்டோக்காரர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கோம்பை வழியாகப் போகும்போது (நாய்க்குப் பேர்போன கோம்பைதான், ஒரு கோம்பை நாய்கூடக் கண்ணில் படவில்லை) போனில் "நீல வான ஓடையில்" போட்டுக் காட்டினேன். யோசித்துவிட்டு, "தம்பி போட்டாலும் அது அண்ணன் வீட்டுப் பாட்டுத்தானண்ணே" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது? இறங்கும்போது வெயிட்டிங் என்று இன்னொரு 100 கேட்டார், 50 கொடுத்தேன்.

உத்தமபாளையத்தில் சாப்பிட்டதைச் சொல்லாவிட்டால் பாவம். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் சந்தில் நான்கே மேசை போட்ட ஒரு மெஸ், பேர்ப்பலகைகூடக் கிடையாது. நாட்டுக்கோழிக் குழம்பு, மிளகு கொஞ்சம் தூக்கலாக, எண்ணெய் மேலே மிதக்காமல். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக் குழம்பை ஊற்றிவிட்டு, "ரெண்டு நிமிஷம் ஊறட்டும், அவசரப்படாதீங்க தம்பி" என்று ஒரு அம்மா இலையைத் தொடவிடாமல் நின்றார். ஊறியதும் ஓரம் மட்டும் மொறுமொறுப்பு, நடுவில் பஞ்சு. இரண்டாவது தடவை குழம்பு கேட்காமலே வந்தது. 160 ரூபாய். மதுரைக்காரன் நான், சொல்லக் கூடாதுதான், ஆனால் எங்கள் ஊரில் இந்த விலைக்கு இப்படிக் கிடைக்காது. வெளியே வண்டியில் கம்பம் பன்னீர் திராட்சை கால் கிலோ வாங்கினேன், சின்னமனூர் வருவதற்குள் காலி.

திரும்பும்போது அரசுப் பேருந்து, பாட்டு இல்லை, ஜன்னல் மூடியது. போகிறவர்கள் தேனியில் இருந்து கம்பம் வண்டியில் ஏறி உத்தமபாளையத்தில் இறங்கி அங்கிருந்து போங்கள், போடி பக்கம் வேண்டாம். சில்லறை கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். என் செலவு 1,000ஐத் தாண்டி 1,140 ஆனது. வீட்டுக்கு வந்து பர்ஸைக் காலி செய்தபோது அந்த டிக்கெட் வந்தது, பின்னால் 62 சாரலில் கொஞ்சம் அழிந்திருந்தது.