குப்புறக் கிடந்து கேட்டவை

டிசம்பர் 17

கண்ணில் அறுவை முடிந்து உள்ளே வாயுக் குமிழி ஒன்றை வைத்திருக்கிறார்கள்; அது இடத்தில் நிற்கக் குப்புறவே கிடக்க வேண்டும். தலையைத் தூக்கக் கூடாது. உண்ணவும் கழிவறைக்குப் போகவும் மட்டுமே விடுப்பு.

டிசம்பர் 18

படிக்கவும் திரை பார்க்கவும் தடை என்பதால் காது மட்டுமே மிச்சம். விடியலில் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை தொடங்கியது முதல் தெருவின் ஒவ்வோர் ஓசையையும் எண்ணிக்கொண்டு கிடந்தேன். மார்புக்கு அடியில் வைக்கத் தலையணை தேடிப் பரணில் ஏறிய தங்கை மகன், கூடவே ஒரு செருப்புப் பெட்டியையும் இறக்கினான். உள்ளே இருந்தவை இரண்டு கேசட்டுகள். மனைவி மேலட்டையைப் படித்தாள்: "ஸ்டார் வார்ஸ், ரேடியோ, 1 முதல் 4 வரை." அத்தானின் கையெழுத்து. என்னையறியாமல் தலை தூக்கிவிட்டேன் போலும். "ஏங்க, கீழே வைங்க" என்று அதட்டினாள்.

டிசம்பர் 19

டேப் ரெக்கார்டரின் பெல்ட் வெல்லப்பாகு போல் உருகி ஒட்டிக்கிடக்கிறதாம். மேலமாசி வீதிச் சந்துக் கடைக்காரர் இரண்டு நாள் கேட்டிருக்கிறார். என்னிடம் நாள்களுக்குப் பஞ்சமில்லை.

டிசம்பர் 21

கேட்டேன். 1981இல் அமெரிக்கப் பொது வானொலியான என்.பி.ஆர். அந்தப் படத்தைப் பதின்மூன்று பாக நாடகமாக ஒலிபரப்பியபோது அங்கே படித்துக்கொண்டிருந்த அத்தான், வானொலிப் பெட்டிக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து முதல் நான்கு பாகங்களைப் பிடித்து அனுப்பினார்; ஐந்தாவது வாரம் அவருக்குத் தேர்வு வந்துவிட்டது. இரண்டாம் பாகத்தில் இளவரசி லேயா தன் கிரகத்தில் தந்தையோடு பேசிக்கொண்டிருக்கையில் நீண்ட சீழ்க்கை ஒன்று எழும். அது ஆல்டரான் கிரகத்தில் கப்பல்கள் இறங்குவதற்கான அறிவிப்பு என்றே கல்லூரிக் காலம் முழுவதும் நம்பியிருந்தேன். இன்று அது மூன்று முறை ஒலித்து ஓய்ந்ததும், அடுப்படியிலிருந்து மனைவி "நம்ம குக்கரா?" என்று கேட்டாள். நம்முடையது இல்லை; அத்தானுடையது.

டிசம்பர் 22

குமிழி அசைகிறது. ரசமட்டத்தின் உள்ளே கண்ணை வைத்ததுபோல் இருக்கிறது.

டிசம்பர் 23

சென்னையிலிருந்து மகள் பதின்மூன்று பாகங்களையும் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். இரண்டாம் பாகத்தை மறுபடி கேட்டேன். துல்லியமான ஒலி. சீழ்க்கை இல்லாத அந்த இடம் மொட்டையாக நிற்கிறது.

டிசம்பர் 24

எட்டாம் பாகம் வரை வந்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் நாங்கள் கேட்டு வளர்ந்த ஒலிச்சித்திரம், இரண்டரை மணி நேரப் படத்தை ஒரு மணி நேரமாக நறுக்கித் தரும். இவர்களோ இரண்டு மணி நேரப் படத்தை ஆறு மணி நேரத்தை ஒட்டி விரித்திருக்கிறார்கள். அதனால் கதை நீர்த்துப்போகவில்லை. படத்தில் வில்லன் டார்த் வேடர் இளவரசியின் சிறைக்குள் நுழைந்ததும் கதவு மூடிக்கொள்ளும், நாம் வெளியே நின்றுவிடுவோம். வானொலி அந்தக் கதவுக்கு உள்ளேயே தங்கிவிடுகிறது. அவர் அடித்து உடைக்கவில்லை. மெல்லப் பேசியே அவள் மனத்துக்குள் வலியைப் புகுத்துகிறார். கதாநாயகன் லூக்காக மார்க் ஹாமிலும் ரோபோ திரீப்பியோவாக ஆன்டனி டேனியல்சும் படத்திலிருந்தே வந்தவர்கள் என்றாலும் வேடரின் குரல் வேறு, பிராக் பீட்டர்ஸ். முதல் நாள் அந்நியமாகத் தோன்றிய அந்தக் குரலுக்கு இன்று பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டேன். குப்புறக் கிடப்பவன் கேட்கக்கூடிய காட்சி இல்லை அது.

டிசம்பர் 25

உறக்கமில்லை. கழுத்து என்னுடையதாகவே இல்லை.

டிசம்பர் 26

லூக் நண்பர்களோடு பள்ளத்தாக்கில் வானூர்திப் பந்தயம் விடும் காட்சியை ரீகல் தியேட்டரில் கண்ணால் பார்த்ததாக நான் சாதிக்க, அப்படியொரு காட்சியே இல்லை என்று நண்பன் மறுக்க, ஜிகர்தண்டாவுக்குப் பந்தயம் கட்டி முடிவில்லாமல் போன வழக்கு ஒன்று உண்டு. அந்தப் பந்தயம் முதல் பாகத்தில், வானொலிக்கென எழுதப்பட்ட பகுதியில் இருக்கிறது. பாறையின் நிறம், இறக்கை சாய்ந்த கோணம், லூக்கின் தலைமயிரில் படிந்த மணல், எல்லாம் இன்றும் எனக்குத் தெரிகின்றன. அவற்றை எங்கிருந்து எடுத்தேன்? மணல் அநேகமாக வைகை மணல். பாறை கீழக்குயில்குடி மலையாக இருக்கலாம். தொலைபேசியில் அழைத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டபோது நண்பன் சொன்னது: "நாப்பது வருசம் கழிச்சா? வட்டியோட ரெண்டு ஜிகர்தண்டாடா."

டிசம்பர் 27

நாடகமாக்க உரிமையை ஜார்ஜ் லூகாஸ் தாம் படித்த பல்கலைக்கழகத்தின் வானொலிக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தாராம். எழுதிய பிரையன் டேலி, மூன்றாம் படத்தின் நாடகப் பதிவு முடிந்த கையோடு 1996 பிப்ரவரியில் இறந்துபோனார். மகள் படித்துச் சொன்ன இந்தச் செய்தியை அவள் உறங்கப் போன பின்பும் எண்ணிக்கொண்டிருந்தேன். பதிவு முடிந்தது என்பதையாவது அவரிடம் சொல்லியிருப்பார்கள்.

டிசம்பர் 28

பன்னிரண்டு பாகங்கள் முடிந்தன. கடைசிப் பாகத்தைப் போட மகள் கை நீட்டினாள், வேண்டாம் என்றேன். நாளைக் காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணில் ஒளியடித்துப் பார்த்துவிட்டு என்ன சொல்கிறார்கள் என்று தெரியட்டும்.